மழைக்காலத்தில் பிள்ளை ஏன் வளர்வதில்லை?

பிள்ளைகள் வளரும் வீட்டுச் சுவரில் பெரும்பாலும் சில பென்சில் கோடுகள் இருக்கும். பிறந்தநாளன்று பிள்ளையைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, உச்சந்தலைமேல் அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதிவைப்பார்கள். நான்கைந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்காது.

ஏன் என்று கேட்டால் வீட்டிலேயே இரண்டு பதில் கிடைக்கும். "எங்க வம்சமே அப்படித்தான்" என்பார் தாத்தா. "அந்த வருஷம் பூரா சளி, காய்ச்சல், வயித்தால போறதுன்னு பிள்ளை படுத்தபடியே கெடந்துச்சு" என்பார் பாட்டி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த வருடம் மழை எப்படிப் பெய்தது என்று யாரும் கேட்பதில்லை. அரிசி கடையிலிருந்தும் தண்ணீர் குழாயிலிருந்தும் வரும் வீட்டில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை.

வயலையும் ஆற்றையும் காட்டையும் நேரடியாக நம்பி வாழும் சமூகங்களில் கதை வேறு. தாய் சூலியாக இருந்தபோது வானம் எப்படி இருந்தது, பிள்ளை தவழத் தொடங்கியபோது மழை பெய்ததா, வெயில் காய்ந்ததா என்பதெல்லாம் அங்கே பிள்ளைகளின் எடையிலும் உயரத்திலும் பதிந்துவிடுகிறது. அதிலும் ஒரு விந்தை. மழை பெய்து வயல் பச்சைப்பசேலென்று நிற்கும் மாதங்களில்தான் குழந்தைகளின் வளர்ச்சி தேங்கிப்போகிறது. மழை சோறு போடும் என்றல்லவா எல்லோரும் நினைக்கிறோம்?

"அந்த இனமே குட்டை"

முதலில் தாத்தாவின் பதிலைப் பார்த்துவிடலாம். பழங்குடி மக்கள் குட்டையாக இருந்தால் "அது அவர்கள் பிறவிவாகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மாயா மக்களைப் பற்றியும் நெடுங்காலம் இப்படித்தான் பேசினார்கள்.

அந்நாட்டின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி, மாயா குடும்பங்கள் பல அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறின. அங்கே வளர்ந்த 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளை மானுடவியலாளர் பேரி போகின் குழுவினர் அளந்தார்கள். குவாத்தமாலாவிலேயே வளர்ந்த அதே வயது மாயா பிள்ளைகளைவிட இவர்கள் சராசரியாகச் சுமார் 11 சென்டிமீட்டர் உயரம். அதில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் கால்களில் மட்டும் கூடியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாறிவிடாது. மாறியவை குடிநீர், உணவு, மருத்துவம்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவுகோலும் இதையே சொல்கிறது. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில், நல்ல வசதியோடும் தாய்ப்பாலோடும் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கியது அது. தில்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் 5 வயதுவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டுதான். ஆனால் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மொத்தமாகக் குறைந்து நின்றால், காரணத்தைத் தேடவேண்டிய இடம் அவர்கள் வளரும் சூழல்.

முதல் ஆயிரம் நாள்

கருவில் 270 நாள், முதல் வயதில் 365, இரண்டாம் வயதில் 365. கூட்டினால் சரியாக ஆயிரம். மனித வாழ்வில் இந்த ஆயிரம் நாளுக்கு ஈடாக வளரும் காலம் வேறு இல்லை. பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை முதல் வருடத்தில் மட்டும் 25 சென்டிமீட்டர் ஏறுகிறது. இரண்டாம் வருடத்தில் 12. அதன்பின் வேகம் தணிந்துவிடும்.

அந்த ஏற்றமும் சீராக நடப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் மிஷெல் லாம்ப்ல் 1992இல் வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தைகளை அடிக்கடி அளந்து பார்த்தார்கள். பல நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை, பிறகு ஒரே நாளில் அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ ஒரு தாவல், மறுபடி அமைதி. "நேத்து போட்ட சட்டை இன்னிக்கு எப்படிச் சிறுசாச்சு?" என்று தாய்மார்கள் கேட்பது பொய்யில்லை போலிருக்கிறது.

இந்த ஆயிரம் நாளில் வளர்ச்சி தொடர்ந்து தடைபட்டால் பிள்ளை தன் வயதுக்குரிய உயரத்தை எட்டாமல் நின்றுவிடும். இதை 'வளர்ச்சிக் குன்றல்' என்கிறார்கள். 2 வயதுப் பெண்குழந்தையின் நடுவான நீளம் சுமார் 86 சென்டிமீட்டர். 80க்குக் கீழே போனால் வளர்ச்சிக் குன்றல். இந்த 80 என்ற எண் அத்தியாயத்தின் கடைசியில் தேவைப்படும்.

கெனெபாவின் நாட்காட்டி

மழைக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவை இவ்வளவு நெடுங்காலம் கூர்ந்து பார்த்த இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், ஆற்றின் தென்கரைப் பக்கம் உள்ள கெனெபா. மாண்டிங்கா மக்கள் வாழும் சிறு கிராமம். மலேரியாவையும் ஒட்டுண்ணி நோய்களையும் ஆராய இயன் மெக்ரிகர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949இல் அங்கே போனார். ஊராரின் பிறப்பு, இறப்பு, எடை, உயரம் எல்லாவற்றையும் பதியத் தொடங்கினார். அன்று திறந்த பேரேடு இன்னும் மூடப்படவில்லை.

கெனெபாவில் ஆண்டுக்கு ஒரே ஒரு மழைக்காலம், ஜூன் முதல் அக்டோபர் வரை. மீதி மாதங்கள் வறண்டவை. ஆண்கள் வேர்க்கடலையும் கம்பு வகைத் தானியங்களும் விதைக்கிறார்கள். நெல் பெண்களின் பொறுப்பு. முழங்கால் சேற்றில் குனிந்து நடவு செய்வதும் களை எடுப்பதும் அவர்கள்தான், சூலியும் கைப்பிள்ளைக்காரியும் உட்பட.

இனி விந்தையின் முடிச்சு அவிழத் தொடங்கும். மழை வந்ததும் விதைக்கலாம், அறுக்க முடியாது. போன அறுவடையின் தானியம் குதிரின் அடியைத் தொட்டுவிட்ட நேரத்தில்தான் புது மழை வருகிறது. வயல் பச்சையாக இருப்பதற்கு அர்த்தமே தானியம் இன்னும் முற்றவில்லை என்பதுதான். வேலை உச்சத்தில், உணவு பள்ளத்தில். ஆடியில் விதைத்துத் தைக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த இடைவெளியை விளக்கவேண்டியதில்லை. இந்த மாதங்களைப் 'பசிப்பருவம்' என்று அழைக்கலாம்.

இரண்டு குழந்தைகள், ஒரே மழை

கணக்கு புரிவதற்காக இரண்டு குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஒரே தெரு. ஒன்று செப்டம்பரில் பிறக்கிறது, மற்றது பிப்ரவரியில்.

செப்டம்பர் குழந்தை கருவாக உருவானது டிசம்பரில், அறுவடை முடிந்த கையோடு. கரு சின்னஞ்சிறியதாக இருந்தபோது வீட்டில் தானியம் இருந்தது. ஆனால் வயிற்றுக்குள் குழந்தையின் எடை ஏறவேண்டிய கடைசி மூன்று மாதங்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தாய் காலையில் நடவுக்குப் போய் மாலையில் திரும்புகிறாள். குழந்தை எடை குறைவாகப் பிறக்கிறது. பிறகு அதற்கு ஒரு நல்ல காலம் வருகிறது. நவம்பர் தொடங்கி வறண்ட மாதங்கள், புதுத் தானியம், கொசு குறைவு, தாய் வீட்டோடு இருக்கிறாள், குழந்தைக்கு முழுப் பால். இழந்ததில் கொஞ்சத்தைப் பிடித்துவிடுகிறது. மறுபடி ஜூன் வரும்போது அதற்கு 9 மாதம். முற்றத்துச் சேற்றில் தவழ்ந்து, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயது.

பிப்ரவரி குழந்தைக்கு எல்லாம் தலைகீழ். அது கருவான பிறகு வந்த முதல் மாதங்கள் மழையில் கழிந்தன. எடை ஏறும் கடைசி மாதங்களோ அறுவடைக்குப் பிந்தையவை. கொழுகொழுவென்று பிறக்கிறது. ஆனால் முதல் மழை அதைச் சந்திப்பது நான்காம் ஐந்தாம் மாதத்தில். தாய் வயலுக்குப் போயாகவேண்டும். பாட்டியோ அக்காவோ பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் காய்ச்சி வைத்த கஞ்சியைப் பகல் முழுக்க ஊட்டுகிறார்கள். மழைக்காலப் புழுக்கத்தில் அந்தக் கஞ்சியில் கிருமி பெருகுவதைக் கெனெபாவின் ஆய்வாளர்கள் 1970களிலேயே அளந்து காட்டினார்கள். வயிற்றுப்போக்கு தொடங்குகிறது.

ஆக, மழை ஊர் முழுவதற்கும் ஒரே நாளில்தான் வருகிறது. ஒவ்வொரு பிள்ளையையும் அது வேறு வேறு வயதில் வந்து பிடிக்கிறது. முதலில் எடை இறங்குகிறது. சில வாரம், சில மாதம் கழித்து உயரம் தேங்குகிறது.

கடலை பிஸ்கட் சொன்ன சாட்சி

தாயின் பசிதான் காரணமா? அல்லது மழைக்காலத்தின் வேறு ஏதாவதா? இதைச் சோதிக்க நேரான வழி, சூலிகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது.

காம்பியாவின் 28 கிராமங்களில் 5 ஆண்டுகள் நடந்தது அந்தச் சோதனை. வேர்க்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் சேர்த்துச் சுட்ட பிஸ்கட். நாளொன்றுக்குச் சுமார் 1000 கலோரி. சில கிராமங்களில் பிரசவத்துக்கு முந்தைய 20 வாரங்கள் கொடுத்தார்கள். மற்ற கிராமங்களில் பிரசவத்துக்குப் பின் கொடுத்தார்கள். முடிவு 1997இல் வெளிவந்தது. அறுவடைக் காலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை 94 கிராம் கூடியது. பசிப்பருவத்தில் பிறந்தவர்களுக்கு 201 கிராம் கூடியது. இறந்து பிறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

பிஸ்கட் ஒன்றுதான், பருவம்தான் இரண்டு. பசிப்பருவத்தில் அது இரண்டு மடங்கு வேலை செய்ததென்றால், அந்த மாதங்களில் தாயின் உடலில் எவ்வளவு பற்றாக்குறை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஓட்டைக் குடல்

பிறந்த பிறகு மழை நுழையும் வாசல் குடல். அதைப் பார்க்க ஆய்வாளர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாண்டார்கள். இரண்டு வகைச் சர்க்கரையைக் கலந்து குழந்தைக்குப் புகட்டினார்கள். ஒன்றின் மூலக்கூறு சிறியது. ஆரோக்கியமான குடலில் எளிதாகப் புகும். மற்றது பெரியது, குடல் சுவர் இறுக்கமாக இருந்தால் உள்ளே போகாது. பிறகு சிறுநீரில் இரண்டும் எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்தார்கள். பெரிய சர்க்கரை நிறைய வந்திருந்தால் குடல் சுவர் கசிகிறது என்று பொருள்.

காம்பியக் குழந்தைகளின் குடல் கசிந்தது. பீட்டர் லுன் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் குழந்தைகளின் வளர்ச்சித் தேக்கத்தில் 43 விழுக்காட்டை இந்தக் கசிவோடு தொடர்புபடுத்த முடிந்தது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் கசிவு நிற்பதில்லை. கஞ்சி உள்ளே போகிறது, சத்து சேர்வதில்லை. குடலைத் தாண்டிவரும் கிருமித் துணுக்குகளோடு உடல் இரவும் பகலும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சண்டைக்கு என்ன விலை? அதை அளந்தவர்கள் வேறொரு காட்டில் இருந்தார்கள்.

ஷுவார் பிள்ளைகளின் வரவுசெலவு

தென்னமெரிக்காவின் எக்வடோர் நாட்டு அமேசான் காட்டில் ஷுவார் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மரவள்ளி, வாழை பயிரிட்டு, மீன்பிடித்து, வேட்டையாடி வாழ்பவர்கள். அங்குள்ள பிள்ளைகளின் உடல் செலவிடும் ஆற்றலை சாமுவேல் உர்லாக்கர் குழுவினர் அளந்தார்கள். ஓடி ஆடி விளையாடும் இந்தப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைவிட அதிக ஆற்றலைச் செலவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மொத்தச் செலவு இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றல் ஷுவார் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம். நோயெதிர்ப்புப் படை உள்ளே ஓயாமல் உழைப்பதன் செலவு அது.

மாதச் சம்பளக் குடும்பத்தின் கணக்குதான் இது. வரவு கூடாது, மருத்துவச் செலவு கூடினால் வேறெங்கோ கைவைத்தாக வேண்டும். 2018இல் வெளிவந்த ஆய்வில் அது எங்கே என்று தெரிந்தது. 4 முதல் 11 வயது ஷுவார் பிள்ளைகளின் இரத்தத்தில் நோயெதிர்ப்பு லேசாகத் தலைதூக்கிய காலங்களில், அவர்களின் உயர வளர்ச்சி 49 விழுக்காடு வரை குறைந்தது. படுக்கையில் தள்ளும் காய்ச்சல் எதுவும் தேவைப்படவில்லை. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு இருந்த பிள்ளைகளுக்கு இந்த இழப்பு குறைவு.

கெனெபாவோடு இதைச் சேர்த்துப் படித்தால் மழைக்காலத்தின் இரட்டை அடி புரியும். கிருமி பெருகி நோயெதிர்ப்பு செலவு கேட்கும் மாதங்களும், கொழுப்புச் சேமிப்பு கரையும் மாதங்களும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

மழை கெட்டதா?

இல்லை. மழைக்காலம் வேறு, மழை நிறைந்த ஆண்டு வேறு.

இந்தோனேசியாவின் கிராமப்புறங்களில் 1953 முதல் 1974 வரை பிறந்தவர்களை, அவர்கள் பிறந்த ஊரில் பிறந்த ஆண்டு பெய்த மழையோடு ஒப்பிட்டார்கள் ஷரோன் மக்கினி, டீன் யாங் என்ற இரு பொருளியலாளர்கள். முடிவு 2009இல் வெளிவந்தது. வழக்கத்தைவிட 20 விழுக்காடு அதிக மழை பெய்த ஆண்டில் பிறந்த பெண்கள், வளர்ந்த பிறகு 0.57 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் இருந்தார்கள். பள்ளியிலும் சற்றே அதிகக் காலம் படித்திருந்தார்கள். நல்ல மழை, நல்ல விளைச்சல், பிள்ளைக்கு நிறைந்த தட்டு.

ஆண்களிடம் அந்தத் தடயம் தெரியவில்லை. மழை பொய்த்து வீட்டில் தட்டுப்பாடு வந்தபோது யாருடைய பங்கு முதலில் குறைந்தது என்ற கேள்வியை இது எழுப்புகிறது. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே பழங்குடியினரிடம் ரிகார்டோ கோடாய் குழுவினர் நடத்திய ஆய்விலும், சிறுவயது மழையின் தடம் ஆண்களைவிடப் பெண்களின் உயரத்திலேயே அதிகம் தெரிந்தது.

வறட்சி எப்படி அடிக்கும் என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. 1994-95 வறட்சியின்போது 12 முதல் 24 மாத வயதில் இருந்த குழந்தைகள் 1.5 முதல் 2 சென்டிமீட்டர் வளர்ச்சியை இழந்தார்கள். அதைவிட மூத்த பிள்ளைகளுக்கு அந்த இழப்பு இல்லை. ஆயிரம் நாள் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

இருபது வருடம் கழித்து வரும் ரசீது

கெனெபாவின் பேரேட்டில் 1949 முதல் 1994 வரை பிறந்த 3000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை சோஃபி மூர் குழுவினர் புரட்டிப் பார்த்தார்கள். 14 வயதுவரை எந்த மாதத்தில் பிறந்தவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அதன்பின் இரண்டு கோடுகள் பிரிந்தன. பசிப்பருவத்தை ஒட்டிப் பிறந்தவர்கள் 25 வயதுக்குப் பிறகு அகால மரணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. பெரும்பாலும் தொற்றுநோய்கள். 1997இல் வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. ஆனால் வங்கதேசத்திலும் செனெகலிலும் அதே கணக்கைப் போட்டபோது அந்தப் பிளவு தெரியவில்லை. கெனெபாவின் அனுபவத்தை எல்லா ஊருக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது.

அதே கிராமங்களில் இன்னொரு தடயமும் சிக்கியது. மரபணுவின்மேல் உடல் ஒட்டும் சிறு வேதிக்குறிகள் உண்டு. எந்த மரபணு எவ்வளவு பேசலாம் என்று அவை கட்டுப்படுத்தும். மழைக்காலத்தில் கருவானவர்களுக்கும் வறண்ட காலத்தில் கருவானவர்களுக்கும் சில இடங்களில் இந்தக் குறிகள் வேறுபட்டன. கரு உருவான நாட்களில் தாயின் இரத்தத்தில் இருந்த சத்துகளோடு அவை தொடர்பு காட்டின. மழைக்காலத்தில் தானியம் குறைவு, கீரை அதிகம். பசியின் மாதங்களிலும் தட்டில் ஏதோ ஒன்று கூடித்தான் இருந்திருக்கிறது.

57லிருந்து 30

பல பத்தாண்டுகளாகக் கெனெபாவிலும் பக்கத்து ஊர்களிலும் இலவச மருத்துவம், தடுப்பூசி, ஆழ்துளைக் கிணற்று நீர் என்று ஒவ்வொன்றாக வந்தன. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பெருமளவு குறைந்தன. 2017இல் வெளிவந்த கணக்குப்படி, நாற்பது ஆண்டுகளில் 2 வயதுக் குழந்தைகளில் வளர்ச்சிக் குன்றல் 57 விழுக்காட்டிலிருந்து 30 ஆக இறங்கியது. மழைக்காலப் பள்ளமும் ஆழம் குறைந்தது. செப்டம்பர் குழந்தைக்கும் பிப்ரவரி குழந்தைக்கும் உள்ள தூரம் சுருங்கியது.

ஆனால் 100 பெண்குழந்தைகளை அளவுப் பலகையில் படுக்கவைத்தால் இன்னும் 30 பேர் அளவில் அந்த 80 சென்டிமீட்டர் கோட்டைத் தொடவில்லை. தடுப்பூசி போட்ட குழந்தைகள், நல்ல தண்ணீர் குடிக்கும் குழந்தைகள். மிச்சம் என்ன தடுக்கிறது? எளிய கழிப்பறையும் கைகழுவும் வசதியும் போதும் என்று நம்பி, வங்கதேசத்திலும் கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் பெரிய சோதனைகள் நடத்தினார்கள். 2018, 2019இல் முடிவுகள் வந்தன. உயரம் கூடவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த இடங்களில் மட்டும் சிறிதளவு கூடியது.

ஆய்வாளர்களின் பார்வை இப்போது வீட்டு முற்றத்தில் நிற்கிறது. மண் தரை, சுற்றித் திரியும் ஆடு, கோழி, அவற்றின் எச்சம், நடுவே தவழும் 9 மாதக் குழந்தை. ஜூன் மாதம் முதல் மழை விழுந்ததும் அந்த மண் சேறாகும். குழந்தை ஒரு பிடி அள்ளும்.